மெத்தைக்கு அடியில் பத்தொன்பது பதிவுகள்

உட்கார்ந்த இடத்தில் காலாட்டும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. நாற்காலியில் உட்கார்ந்த அடுத்த நிமிடம் வலது முழங்கால் தானாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். மேசை ஆடும், மேசைமேல் இருக்கிற டம்ளர் கிணுகிணுக்கும். பரீட்சைக்குப் படிக்கும்போது அப்பா பக்கத்து அறையில் இருந்தபடியே, "காலு ஆட்டாத அம்மணி, ஊடே ஆடுது" என்பார். அம்மணி என்பது நான்தான், எங்கள் பக்கம் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாற்பத்தாறு வயதாகிவிட்டது, முழங்காலுக்கு இன்னும் வயதாகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூன்று வாரப் பதிவுகளைக் காணோமே என்று தேடிக்கொண்டிருந்தபோது மேசையே நடந்து வாசலுக்குப் போய்விடும்போல ஆடிக்கொண்டிருந்தது.

என்ன பதிவுகள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா போத்தனூர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆடியில் ஒரு நாள் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை பாதி திரும்பி வந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது முகத்தில் தெரியும், வெளியே மட்டும் வராது. வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் பயிற்சி கொடுக்க வேண்டியது நான். மாடு, மரம், தண்ணீர், கதவு என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி அவரைச் சொல்ல வைக்கவேண்டும். தினமும் காலை பத்து மணிக்குக் கால் மணி நேரம். அதை அப்படியே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவைக்கச் சொல்லியிருந்தார் தெரபிஸ்ட்.

"தனிச் சொல்லு வருதுங்க. ரெண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வைங்க. 'கதவு திற', 'தண்ணி கொடு', அப்படி ஏதாச்சும். ஒரு தடவை சேர்ந்துட்டா அப்புறம் அதுவே இழுத்துக்கிட்டு வந்துரும்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். அந்த ஒற்றை ஜோடிச் சொல்லுக்காக நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். கதவு வரும். திற வராது. திற வரும் நாளில் கதவு காணாமல் போய்விடும்.

இந்த நிலைமையில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பா பயிற்சிக்கு உட்காரவே மாட்டேன் என்றுவிட்டார். வாயால் சொல்லவில்லை, எப்படிச் சொல்வார்? அட்டையைக் காட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இடது கையை ஒரு வீசு வீசுவார், போ என்கிற மாதிரி. தெரபிஸ்டுக்குப் போன் போட்டேன். "விருப்பம் இல்லாதவரை உட்கார வெச்சு ஒண்ணும் ஆகாதுங்க. வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாக்கலாம்" என்றார். இப்போது விட்டால் திரும்பப் பிடிப்பது ரொம்பச் சிரமம் என்று முதல் நாளே பயமுறுத்தியவரும் இதே தெரபிஸ்ட்தான். அப்பா இனிமேல் பேசவே போவதில்லையா?

மனுஷன் வெறுத்துப்போய்விட்டார், முன்னேற்றமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் முடிவு கட்டினேன். உடனே ஒரு யோசனை வந்தது. முதல் வாரப் பதிவையும் கடைசி வாரப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால்? ஆடியில் வெறும் ஊஊ என்ற சத்தம், இப்போது தெளிவாக மரம், மாடு. கேட்டால் அவருக்கே தைரியம் வந்துவிடும். அதற்காகத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை 'அப்பா' என்ற ஃபோல்டரைத் திறந்தேன். முதல் இரண்டு மாதப் பதிவுகள் இருந்தன. நான் திரும்பி வந்தபிறகு எடுத்த பத்து நாள் பதிவுகள் இருந்தன. நடுவில் மூன்று வாரம் சுத்தமாக இல்லை.

அந்த மூன்று வாரமும் நான் வீட்டில் இல்லை. அரிசி ஆலை இயந்திரங்களுக்கு டிராயிங் போட்டுக்கொடுப்பது என் தொழில். வெள்ளகோவிலில் ஓர் ஆலையில் புது இயந்திரம் பூட்டுகிறார்கள், நான் போட்ட டிராயிங்கும் அங்கே இருக்கிற தூணும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று கூப்பிட்டுவிட்டார்கள். அங்கேயே தங்கித் தவிட்டுத் தூசியைத் தின்றுகொண்டு கிடந்தேன். போவதற்கு முன்னால் அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வேலை சொல்லிக்கொடுத்தேன். திரையில் பெரிதாக ஒரு சிவப்புப் பட்டன். அதை அமுக்கினால் பதிவாகும், மறுபடி அமுக்கினால் தேதி போட்டுத் தானாகவே சேமித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

"அம்மா, நான் இல்லாதப்ப பதிவு பண்ணுனீங்களா இல்லையா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன்.

"பண்ணுனனே கண்ணு. ஞாயித்துக்கெழமை தவற தெனமும் பண்ணுனேன்."

"அப்புறம் எங்க போச்சு? எதையாச்சும் அமுக்கி அழிச்சுப்போட்டீங்களா?"

"அந்தச் செவப்பு பட்டன விட்டா வேற எதையும் நான் தொடலீங் கண்ணு."

"தொடாம அது எப்படிங்க போகும்? கால் முளைச்சா போகும்?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையை ஒரு முறை பார்த்தார். பிறகு அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் கவனிக்கவில்லை. எனக்கு எங்கே நேரம்?

இப்போது என் கம்ப்யூட்டரின் கதையைச் சொல்லியாக வேண்டும். வைரஸ் தொல்லை தாங்காமல் லினக்ஸுக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்று சின்னது, வேகமானது, அதில்தான் கம்ப்யூட்டரே ஓடுகிறது. இன்னொன்று பெரியது, பழையது, சாமான் போட்டு வைக்கிற கிடங்கு. லினக்ஸில் அந்தப் பெரிய டிஸ்க் தானாக வந்து நிற்காது. இந்த டிஸ்கை இந்த ஃபோல்டரில் கொண்டுவந்து பொருத்து என்று நாம் சொல்லவேண்டும். அதற்குப் பெயர் மவுண்ட். எதை எங்கே பொருத்துவது என்று வரிவரியாக எழுதி வைப்பதற்கு ஒரு கோப்பு உண்டு. கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைப் படித்து, அதில் உள்ளபடி நடந்துகொள்ளும். ஒரு டிஸ்கை அது பெயரை வைத்து அடையாளம் காணாது, ஒரு நீளமான எண்ணை வைத்துத்தான் காணும்.

வெள்ளகோவில் போவதற்கு முந்தைய நாள் சும்மா இருக்காமல் ஒரு காரியம் செய்தேன். பெரிய டிஸ்கை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி டிராயிங்குக்கு, ஒரு பாதி அப்பாவுக்கு. பழைய பதிவுகளை எல்லாம் புதுப் பாதிக்கு நகர்த்திவிட்டு, அது 'அப்பா' ஃபோல்டரில் வந்து பொருந்தும்படி கோப்பில் ஒரு வரி எழுதினேன். அந்த வரியின் கடைசியில் 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்தேன். டிஸ்க் கிடைக்காவிட்டால் நிற்காதே, குறை சொல்லாதே, பேசாமல் மேலே போ என்பது அதற்கு அர்த்தம். அது இல்லாவிட்டால் சின்னக் கோளாறுக்கும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓட விட்டுப் பாதியிலேயே நின்றுவிடும். அம்மா அதைப் பார்த்தால் பயந்துவிடுவார் என்றுதான் சேர்த்தேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. அந்த நீளமான எண்ணில் மட்டும் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவைத்துவிட்டேன். அவசரக் குடுக்கை! பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று காலை ஆட்டிக்கொண்டே அடித்திருப்பேன்.

திரும்பி வந்ததும் அப்பாவின் பாதி பொருந்தாமல் இருப்பது தெரிய, ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் எண்ணைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். பழைய பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. ஆகா, என்ன சாமர்த்தியம் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். நடுவில் மூன்று வாரம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

செவ்வாய் முழுக்க அழிந்த கோப்புகளை மீட்கும் புரோகிராமை ஓட்டினேன். அது பெரிய டிஸ்கை முக்கி முனகித் துழாவி, என்றைக்கோ கோபத்தில் நான் அழித்த ஒரு புல்லி டிராயிங்கை எடுத்து நீட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மௌஸைச் சுவரில் அடித்திருப்பேன். புதன்கிழமை வேறொரு புரோகிராம். நடுவே பத்து மணி ஆனதும் அப்பாவை உட்கார வைத்து மாட்டு அட்டையைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். போத்தனூரில் ரயில் சத்தத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு ஹாரனுக்கும் எனக்கு எரிச்சல் ஏறியது. அம்மா என்னிடம் பேசவில்லை, காப்பியை மட்டும் சத்தம் கேட்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் திரையின் மூலையில் ஓர் எச்சரிக்கை வந்தது. சின்ன டிஸ்கில் இடம் குறைகிறதாம். அடக் கருமமே, அதில் நான் எதையும் வைப்பதே இல்லையே! உள்ளே இருக்கிற ஃபோல்டர்களை எல்லாம் ஒவ்வொன்றாக அளந்து கூட்டிப் பார்த்தேன். டிஸ்க் சொல்வதற்கும் கூட்டலுக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று ஜிபி உதைத்தது. இடம் நிரம்பியிருக்கிறது, நிரப்பிய பொருளைக் காணோம். நாற்காலியிலிருந்து எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

நான் எழுதிய தப்பான எண்ணால் அந்த மூன்று வாரமும் அப்பாவின் டிஸ்க் பொருந்தவே இல்லை. நோஃபெயில் போட்டிருந்ததால் கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் டிஸ்க் வந்து நிற்கவேண்டிய ஃபோல்டர், சின்ன டிஸ்கில் வெறுமையாக இருந்துகொண்டுதான் இருந்தது. அம்மா தினமும் சிவப்புப் பட்டனை அமுக்க, பதிவுகள் அந்த வெறும் ஃபோல்டரிலேயே போய் உட்கார்ந்திருக்கின்றன. நான் வந்து எண்ணைத் திருத்தியதும் பெரிய டிஸ்க் அதன்மேல் வந்து பொருந்திவிட்டது. வெறும் கட்டிலில் துணியை மடித்து வைத்திருக்க, அதைப் பார்க்காமல் மேலே மெத்தையைப் போட்ட மாதிரி. துணி எங்கும் போகவில்லை. மெத்தையைத் தூக்கினால் போதும்.

டிஸ்கை இறக்கு என்று கட்டளை கொடுத்தேன். முடியாது, அது உபயோகத்தில் இருக்கிறது என்றது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அதே பதில். யார்தான் அதற்குள் உட்கார்ந்துகொண்டு வழிவிடாமல் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால் நான் செவ்வாய்க்கிழமை திறந்து அப்படியே விட்டிருந்த ஃபோல்டர் ஜன்னல் ஒன்று. உள்ளே உட்கார்ந்திருந்தது நானேதான். அதை மூடினேன், டிஸ்க் இறங்கியது, ஃபோல்டரில் பத்தொன்பது பதிவுகள் தேதி வாரியாக வரிசையாக நின்றன. நான் இல்லாத இருபத்திரண்டு நாளில் ஞாயிறு மூன்றையும் கழித்தால் மிகச் சரி. அம்மா ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

சந்தோஷத்தில் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அம்மாவிடம் என்ன பேச்சுப் பேசினோம் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எதை முதலில் போட்டுக் காட்டலாம் என்று தேர்ந்தெடுப்பதற்காக ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க முதலில் என் பதிவு ஒன்றைப் போட்டேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் அதைத் திரும்பக் கேட்டதில்லை. சேமித்தேன், அவ்வளவுதான். முதலில் கேட்டது டக்டக்டக்டக் என்று ஒரு சத்தம். இதென்ன மைக்கில் கோளாறா என்று நினைத்தேன். என் கால். மேசையும் டம்ளரும் கால் மணி நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அதற்கு மேல் என் குரல். "இது என்னங்க? சொல்லுங்க. அப்பா, இங்க பாருங்க. நேத்து சொன்னீங்கல்லங்க? இன்னைக்கு என்னங்க ஆச்சு? சொல்லுங்கன்னா சொல்லோணும்ங்க." கொங்கில் பிறந்த எங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. மரியாதையாகப் பேசிவிட்டால் கோபம் வெளியே தெரியாது என்று. அத்தனை 'ங்க'வையும் போட்டுக்கொண்டு நான் அப்பாவைக் கல்லால் அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சொல்லை ஆரம்பிப்பதற்குள் அடுத்த கேள்வி. மூச்சுவிட இடமே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. ச்சே என்று ஆகிவிட்டது.

அப்புறம் அம்மாவின் முதல் பதிவைத் திறந்தேன். அட்டை எதையும் காணோம். அரிவாள்மணையில் காய் நறுக்கும் சத்தம்தான் இருந்தது. அம்மா அடுப்படி வேலையை எடுத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, இன்னைக்கு என்ன செய்யட்டுங்க?"

அம்மா திருப்பிக் கேட்கவில்லை. காய் நறுக்குகிறார். தூரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து, முழுசாகக் கடந்து போகிறது. அதற்குப் பிறகுதான் அப்பா, "அரி... அரிசி" என்கிறார்.

"அரிசின்னு நிறுத்திப்போட்டா வெறும் அரிசியத்தாங்க தட்டுல போடுவேன். அரிசிம்பருப்புச் சோறா?"

அப்பா சிரிக்கிறார். ஆடிக்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. கரகரவென்று, இருமலில் போய் முடிகிற அதே சிரிப்பு. எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏழாவது பதிவில் பருப்பு வருகிறது. பத்தாவதில் உப்பு என்கிறார், அம்மா, "கொறச்சலா, சாஸ்தியா?" என்கிறார், அவர் கொஞ்சம் யோசித்து, "சாஸ்தி" என்கிறார். பதினாறாவது பதிவில் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்கிறார்:

"எங்கிட்ட இத்தனை பேசறீங்க. அம்மணி உக்காந்தா மட்டும் ஏனுங்க வாயே தெறக்கறதில்ல?"

ரொம்ப நேரம் வெங்காயத் தோல் சரசரக்கிறது. பிறகு அப்பாவின் குரல். திக்காமல், தெளிவாக.

"அம்மணி திட்டும்."

இரண்டு சொல். இரண்டு மாதம் நான் மல்லுக்கட்டிய அந்த ஜோடிச் சொல். வெள்ளகோவிலில் நான் தூணை அளந்துகொண்டிருந்த ஏதோ ஒரு காலையில் அது வந்திருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

அடுப்படிக்குப் போனேன். அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

"பதிவெல்லாம் இருக்குதுங்கம்மா. என்ற தப்புதான். உங்களப் போய்ப் பேசிப்போட்டேன்."

"செரி உடு. கெடச்சுதில்ல?"

"அப்பா சொன்னத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

சலிப்பது நின்றது. "எப்படிக் கண்ணு சொல்றது? நீயும் ராப்பகலா அவுங்களுக்குன்னுதான ஓடற. அதயும் சொல்லி உன்ன வெசனப்படுத்தோணுமா?" என்றார். வீட்டில் எல்லோரும் எனக்காக நோஃபெயில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. போய் அந்த வரியைத் திறந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். டிஸ்க் இல்லையென்றால் கறுப்புத் திரை வரட்டும், நின்று சொல்லட்டும். பதிவுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தேன். ஆனால் அப்பாவுக்கு எதையும் போட்டுக் காட்டவில்லை. அவருக்குத் தெரியாதது அதில் ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அட்டைகளை எடுக்கவில்லை. சிவப்புப் பட்டனையும் அமுக்கவில்லை. ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இத்தனை கஷ்டம் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா? ஒரு வெங்காயம், இரண்டு வெங்காயம். சாயந்திரம் நாலு மணிக்குத் தெரபிஸ்ட் வந்து என்ன சொல்லப்போகிறாரோ? ஏதாவது சொல்லுங்கப்பா என்று நாக்கு நுனி வரை வந்ததைப் பல்லைக் கடித்து விழுங்கினேன். ஒரு ரயில் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. பாதி முறம் உரித்தாகிவிட்டது. மடியில் இருந்த முறத்தில் வெங்காயமெல்லாம் குதித்துக்கொண்டிருந்தது.

அப்பா திரும்பினார். முறத்தைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. இடது கையை நீட்டி முழங்கால்மேல் வைத்து அழுத்தினார்.

"காலு," என்றார். நான் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

"ஆட்டாத."

நிறுத்திவிட்டேன்.